மாப்பிள்ளையிடம் நான் கேட்ட கிராஸ்போ

"மாப்ளே, அடுத்த தடவ ஊருக்கு வரும்போது அந்த வில்லு ஒண்ணு வாங்கிட்டு வா. காசு நான் தர்றேன்."

2023 ஐப்பசியில் ஒரு ராத்திரி, வீடியோ காலில் அக்கா மகனிடம் இப்படித்தான் கேட்டேன். அவன் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்கிறவர்களோடு இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போவான். கையில் கிராஸ்போவோடு அவன் நின்ற படத்தை அக்கா எனக்கு அனுப்பியிருந்தாள். துப்பாக்கியைப் போலக் கட்டை, அதன் முனையில் குறுக்காக ஒரு வில், மேலே ஒரு தொலைநோக்கி, கீழே விசை. பார்த்ததும் என் மனம் போனது அந்த மானிடம் அல்ல, என் வாழைத் தோட்டத்துக்குத்தான்.

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்குக் கீழே எனக்கு மூன்று ஏக்கர். காப்பி, சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகு, ஊடே மலைவாழை, ஓடைப்பக்கம் கால் ஏக்கரில் சவ்சவ் பந்தல். அந்த வாரம் ஒரே ராத்திரியில் ஐம்பத்தெட்டு வாழைக்கன்றைக் காட்டுப்பன்றிகள் கிழங்கோடு புரட்டிப் போட்டிருந்தன. அந்த வருடத்தில் அது மூன்றாவது தடவை. தின்றது பத்தில் ஒரு பங்கு இருக்கும், மிச்சமெல்லாம் வெறும் நாசம். காப்பிச் செடியின் மூட்டில் மண்புழுவுக்காகக் கிளறி, சல்லிவேர் எல்லாம் வெளியே தெரிந்தது. மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. சத்தம் இல்லாத ஆயுதம், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "மாமா, வில்லு வாங்குறது அரை நாள் வேலை. அதத் தொடுறதுக்கு முன்னாடி நான் என்னென்ன செஞ்சேன்னு மொதல்ல கேளுங்க" என்றான். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம்.

அங்கே வேட்டைக்குப் போக நினைக்கிறவர் முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து பரீட்சையில் தேற வேண்டும். அதன்பிறகு அரசு அட்டை, அதற்கு மேல் மானுக்கென்று தனி உரிமம். உரிமத்தோடு வரும் சீட்டுக்கு ஒரு மான்தான். சுட்ட பிறகு அந்தச் சீட்டு இறைச்சியோடு போக வேண்டும். சீசன் முடிந்ததும், ஒன்றும் கிடைக்காவிட்டாலும், காட்டுப்பக்கமே போகாவிட்டாலும்கூட, உரிமம் வாங்கியவர் அரசுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். சூரியன் உதிக்க அரைமணி நேரம் முன்னாலிருந்து மறைந்து அரைமணி நேரம் வரைதான் வேட்டை. நான் ராத்திரி இரண்டு மணிக்குப் பரண்மேல் உட்கார்ந்து வில் விடுவதாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன்!

வில்லுக்கும் அளவு உண்டு. மானுக்குப் பயன்படுத்தும் கிராஸ்போவின் நாணை இழுக்கக் குறைந்தது 45 கிலோ விசை வேண்டும். மூஸ் என்கிற பெரிய கடமானுக்கு 54 கிலோ. நாண் பின்வாங்கும் தூரம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அம்பு முனையின் அகலம் குறைந்தது 22 மில்லிமீட்டர், அதில் இரண்டு வெட்டும் விளிம்பாவது இருக்க வேண்டும். ஒரு கையால் விடக்கூடியதும், 500 மில்லிமீட்டருக்கு மேல் நீளம் இல்லாததும் கனடா முழுக்கத் தடை. நாணேற்றி அம்பு பொருத்திவிட்டால் அது குண்டு போட்ட துப்பாக்கிக்குச் சமம். அப்படியே வண்டியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. துப்பாக்கி சீசன் நடக்கும் நாட்களில் வில்லோடு போகிறவரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடுப்பும் தொப்பியும் போட வேண்டும்.

"எதுக்குடா இத்தன மில்லிமீட்டர் கணக்கு?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலில்தான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

துப்பாக்கிக் குண்டு அடிக்கிற அடியில் மிருகம் விழும். அம்பு அப்படி விழத் தட்டாது. அது வெட்டும், ரத்தம் போகும், அதனால்தான் சாவு. முனை குறுகலாகவோ மழுங்கலாகவோ இருந்தால், விசை போதாமல் இருந்தால், மிருகம் காயத்தோடு ஓடி எங்கேயோ நாலைந்து நாள் கிடந்து சாகும். அந்தச் சித்திரவதை நடக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த எண்கள். சரியாகப் பட்டாலும் மிருகம் ஓடும். அவனுடைய முதல் மான் இருபத்தைந்து மீட்டரில் அம்பு வாங்கிவிட்டு எகிறிக் காட்டுக்குள் போய்விட்டதாம். உடனே பின்னால் போகக் கூடாது, துரத்தினால் இன்னும் தூரம் ஓடும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்ததால் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் இலைமேல் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நூற்றைம்பது அடி நடந்து கண்டுபிடித்தான்.

"மாமா, அந்த அரைமணி நேரம் எனக்கு வயித்தக் கலக்குச்சு. அம்பு கையவிட்டுப் போனதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்குது."

வில்லைக் கையாள்வதில் வரும் ஆபத்துகளையும் சொன்னான். அம்பு இல்லாமல் விசையைத் தட்டினால் போகும் வேகம் முழுக்க வில்லின் கைகளிலேயே இறங்கி, அவை பிளந்து தெறிக்கும். கட்டையைப் பிடிக்கும் கையின் பெருவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நாண் அதைச் சீவிவிடும். அவனுக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படிப் போயிருக்கிறது. நாணை வெறும் கையால் இழுத்தால் இருபுறமும் சமமாக வராது, அம்பு கோணும். அதனால் கயிற்றுப் பிடியோ சுழற்று கைப்பிடியோ வைத்துத்தான் ஏற்றுவார்கள். வேட்டை கிடைக்காமல் திரும்பும்போது ஏற்றிய நாணைச் சும்மா இறக்க முடியாது. பெரும்பாலான வில்களில் ஒரு பழைய அம்பை மண்ணில் விட்டுத்தான் இறக்க வேண்டும்.

நான் அன்றைக்கே எங்கள் சரிவை மனதில் ஓட்டிப் பார்த்தேன். முப்பது அடி நடந்தால் ஒரு தட்டு இறங்கும். காப்பிக்குள் பத்தடிக்கு மேல் கண் போகாது. விடிந்தால் கீழ்த்தட்டில் பழம் பறிக்கப் பெண்கள் வந்துவிடுவார்கள். காயம்பட்ட பன்றி அந்தக் காப்பிக்குள் படுத்திருந்தால்? வயசான ஆண் பன்றியின் தோளில் கேடயம் போலத் தடித்த குருத்துத் தோல் உண்டு, அதில் அம்பு இறங்காமலே போகலாம். கோரைப்பல்லோடு எதிரே வரும் ஒற்றைப் பன்றியைப் பற்றி மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாகக் கேட்டேன். "சரிடா, அங்க பன்னிக்கு எத்தன சீட்டு குடுப்பாங்க?"

"பன்னிய வேட்டையாடவே கூடாது மாமா."

நம்பவில்லை. பிறகு விளக்கினான். அங்கே காட்டுப்பன்றி சொந்த மண்ணின் மிருகம் அல்ல, வளர்ப்பிலிருந்து தப்பிப் பெருகியது. இருந்தும் 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் அதை வேட்டையாடத் தடை. சொந்தச் சொத்தைக் காப்பதற்கு மட்டும் விலக்கு. காரணம் இரக்கம் இல்லை. கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி நாலு திசைக்கும் போய்ப் புது இடத்தில் குட்டி போடும், ஆளைக் கண்டால் இரவில் மட்டும் நடமாடப் பழகும். ஆகவே அரசு ஆட்கள் கூட்டத்தையே மொத்தமாகக் கூண்டில் பிடிக்கப் பார்க்கிறார்கள். கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வெடி போட்ட மறுநாளே ஒரு கூட்டம் இரண்டாகி, ஒரு பாதி என் பந்தலுக்குள் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுவாரம் வனச்சரக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஓர் இளம் வனவர் என்னை உட்காரவைத்துப் பேசினார். அவர் சொன்னதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பலருக்கு இது தெரியாது, எனக்கும் ஐம்பது வயதுவரை தெரியவில்லை.

1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டிச் செல்வது, இவற்றில் எதற்காவது முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். ஒன்றும் மாட்டாவிட்டாலும் குற்றம் குற்றமே. வில்லா, துப்பாக்கியா, வேல்கம்பா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே என்ன தகுதியுள்ள வில் வேண்டும் என்ற கேள்விக்கே இங்கே இடம் கிடையாது. 2022-ல் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. காட்டுமாடும் யானையும் சிறுத்தையும் முதல் அட்டவணை. முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தபட்சமே மூன்று வருடச் சிறை, ஏழு வருடம் வரை போகலாம். பயிரை அழிக்கும் இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலருக்கோதான் உண்டு, அதுவும் எழுத்தில், காரணம் காட்டி. உயிருக்கு ஆபத்து வந்து நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டால் அது குற்றமில்லை. அந்த விலக்கு பயிருக்குப் பொருந்தாது. வேட்டையில் செத்த மிருகம் அரசின் சொத்து. கறியை வீட்டில் வைத்திருப்பதும், யாராவது கொடுத்ததை வாங்குவதும் தனிக் குற்றம். பயன்படுத்திய ஆயுதமும் வண்டியும் பறிமுதலாகும். அறுவடைக்குப் போன ஜீப்பில் ஆசைப்பட்டு ஏற்றிய கறியால் ஜீப்பையே இழக்கலாம்.

கண்ணியைப் பற்றி அவர் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. 2016-ல் நான் வைத்திருக்கிறேன். பழைய பைக்கின் கிளட்ச் வயரில் சுருக்குப் போட்டு, பன்றி வரும் தடத்தில் காப்பி மூட்டில் கட்டினேன். ஊரில் நாலு பேர் செய்தார்கள், நானும் செய்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஊளைச் சத்தம் கேட்டு ஓடினால், மாட்டியிருந்தது எங்கள் நாய் மணி. இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகி, முன்னங்கால் எலும்புவரை அறுத்திருந்தது. கட்டிங் பிளேயரால் வயரை நறுக்கும்போதுகூட அது என்னைக் கடிக்கவில்லை, என் கையை நக்கியது. அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஏழு வருடம் மூன்று காலோடு தோட்டத்தைச் சுற்றி வந்தது. வனவரிடம் இதை மறைக்காமல் சொன்னேன். "இதே தடத்துல சிறுத்தை வந்திருந்தா, நீங்க இன்னிக்கு இங்க உட்கார்ந்து பேசிட்டு இருக்க மாட்டீங்கய்யா" என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

அவுட்டுக்காயும் அப்படித்தான். பழத்துக்குள் வெடி வைத்துப் போடுவது பன்றிக்காக. வாய் கிழிந்து பட்டினி கிடந்து சாவது பசுவாகவும் இருக்கும், யானையாகவும் இருக்கும். வீட்டுக் கரண்டை நேராக வேலிக் கம்பியில் கொடுப்பதோ எல்லாவற்றிலும் கொடியது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம், பன்றிக்காகப் போட்ட அப்படியொரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்தப் படங்களைப் பார்த்த பிறகும் எங்கள் பக்கம் ஒருவர் கம்பி இழுத்தார். அவர் வீட்டுக்கே போய் நான் சண்டை போட்டேன். இப்போதும் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை.

சூரிய மின்வேலி வேறு. அது சுரீர் என்று அடித்து விட்டுவிடும், உயிரை எடுக்காது. ஆனால் அதையும் நினைத்தபடி போட முடியாது. 2023-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும், கருவியும் தர முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். பன்றிக்கு என்றால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே இருந்தால்தான் பலன். மழைக்காலத்தில் புல் வளர்ந்து அதைத் தொட்டாலே மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப் போகும். வாரம் ஒருமுறை புல் அறுக்க ஆள் இல்லாதவர்கள் அதற்குச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

மாப்பிள்ளை 2024 கடைசியில் ஊருக்கு வந்தான். வில் கொண்டுவரவில்லை. மரத்தில் கட்டும் ஒரு கேமரா கொண்டுவந்தான். எதிரே எது நகர்ந்தாலும் தானாகப் படம் எடுக்கும், இருட்டிலும் எடுக்கும். வேட்டைக்காரர்கள் அங்கே மான் தடம் பார்க்க அதைத்தான் வைப்பார்களாம். தோட்ட வேலைக்கு வரும் பளியர் பழங்குடிப் பெரியவரிடம் எங்கே கட்டலாம் என்று கேட்டோம். அவர் குனிந்து மண்ணைப் பார்த்தபடியே நடந்து, ஓடையோரம் பன்றி புரண்ட சேற்றுக்குழி ஒன்றையும், அதற்கு மேல் உடம்பு உரசிச் சேறு அப்பியிருந்த ஒரு மரத்தையும் காட்டினார். "எல்லாம் இந்த ஒரு வாசல்தான் சாமி. நீங்க வீட்டச் சுத்திக் காவல் காக்குறீங்க, அது இங்கிட்டு வருது."

அவர் சொன்னது அப்படியே இருந்தது. பத்து ராத்திரியில் ஏழு ராத்திரி பன்றிகள் வந்தன. ஏழும் அந்த இருபதடி இடைவெளி வழியாக, ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள். எட்டு வருடமாக நான் மூன்று ஏக்கரையும் சுற்றிப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் இங்கே இருந்தபோதுதான், 2025 ஜனவரியில், காட்டுப்பன்றி பற்றிய அரசு முடிவு வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் சுடவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம். சமவெளி விவசாயிக்கு இது நல்லது, மறுக்கவில்லை. மலைக்காரனுக்கு என்ன இருக்கிறது? கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமே 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். என் வேலியிலிருந்து காப்புக்காட்டுக் கல் நானூறு மீட்டர்கூட இல்லை. பக்கத்துக் கேரளாவில் 2022-லிருந்து பன்றியைச் சுட உத்தரவிடும் பொறுப்பை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்திருக்கிறார்கள். அதையே இங்கேயும் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. சுடுவதற்கு அனுமதி இல்லாத ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவனுக்கு வேலிக்காவது பணம் கொடுங்கள் என்று கேட்கிறேன். கூட்டங்களில் கேட்டேன், இனியும் கேட்பேன்.

இழப்பீட்டு மனு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் மனு திரும்பி வந்தது. காரணம், நான் ஆத்திரத்தில் அன்றைக்கே தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டேன். ஆய்வுக்கு வந்தவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஆகவே விடிந்ததும் எதையும் தொடாமல் படம் எடுங்கள். கால்தடத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்து எடுங்கள். கன்றுகளை எண்ணி எழுதுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் எப்போதும் ஒரு கவரில் தயாராக இருக்கட்டும். வனச்சரகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அதே நாளில் எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். இரண்டாம் முறை எனக்குப் பணம் வந்தது. நட்டத்தில் பாதிகூட இல்லை, ஆனாலும் வந்தது.

தோட்டத்தில் எங்களுக்குப் பலன் கொடுத்தவற்றில் முதலாவது செலவே இல்லாதது. விழுந்த பலாப்பழத்தையும் அழுகிய பட்டர் ஃப்ரூட்டையும் அன்றன்றே பொறுக்கிக் குழியில் போட்டு மூடுகிறோம். பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் எல்லாம். அந்த வாசனைதான் அவற்றைத் தோட்டத்துக்குள் அழைத்துவந்திருக்கிறது. அடுத்தது, ஓரத்தில் அடர்ந்திருந்த உண்ணிச்செடியை வெட்டி எடுத்தது. பகலில் அவை படுத்தது அங்கேதான். பழைய சேலை கட்டினோம். மூன்று வாரம் பயந்தன, நாலாம் வாரம் சேலையை மிதித்துக்கொண்டு வந்தன. இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ராத்திரிக் காவலுக்குப் போனால் பரணைவிட்டு இறங்காதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிவது பன்றி என்று நினைத்து நான் ஒருமுறை இறங்கிப் போய், பதினைந்தடியில் காட்டுமாட்டின் முன்னால் நின்றேன். அது தலையைத் திருப்பிக்கொண்டு போனதால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இருபதடி வாசலுக்குக் கம்பிவலை வேலி போட்டோம். வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி, உள்பக்கம் கல் கட்டினோம். மேலோடு நிறுத்தினால் பன்றி மூக்கால் நெம்பித் தூக்கிவிடும். அதன்பிறகு அந்த வழியாக ஒரு பன்றியும் வரவில்லை.

கேமராவில் வந்த படங்களை அவன் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். பன்றிகள், ஒரு முள்ளம்பன்றி, இரண்டு காட்டுமாடு. ஒரு படத்தில், அதிகாலை மூன்றே முக்கால் மணிக்கு, வாலை நீட்டிக்கொண்டு ஒரு சிறுத்தை. அது நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளித்தான் 2016-ல் நான் வயர் கட்டிய காப்பி மூடு. அக்கா மகன் அந்தப் படத்தை அடுத்ததற்குத் தள்ளவே இல்லை, நானும் தள்ளச் சொல்லவில்லை.

இந்த வருடம் பன்றிகள் ஓடையின் மறுகரையில் நாற்பதடி தள்ளி வழி தேடிக்கொண்டிருப்பது கேமராவில் தெரிகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அங்கேயும் கல் கட்டியாக வேண்டும். கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், புரட்டாசி பாதியில் வருகிறேன் என்றிருக்கிறார்.